பதினோராவது நிமிடத்தில் நிற்கிற டிரெட்மில்

ஒரு டிரெட்மில் தினமும் பதினோராவது நிமிடத்தில் தானாக நின்றுவிட்டால் பழுது எங்கே இருக்கிறது?

இதைக் கேட்டது என் சித்தி. "மோட்டார்ல" என்று குத்துமதிப்பாகச் சொல்லிவைத்தேன். வாடிக்கையாளர்களைப் பார்ப்பதற்கென்றே அவள் வைத்திருக்கும் ஒரு பார்வையை என் பக்கம் திருப்பினாள். பிறகு அவள் சொன்ன கதைதான் இது.

சித்தி வீடு வீடாகப் போய் டிரெட்மில் பழுது பார்க்கிறவள். அதற்கு முன் பதினாறு வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின்களுக்கு பெல்ட் மாட்டினாள். தொழிற்சாலையை மூடியதும் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் தரை துடைக்கச் சேர்ந்தாள். அங்கே மூலையில் மூன்று டிரெட்மில்கள் ஓடாமல் கிடந்தன. ஒரு மதியம், யாரும் சொல்லாமலே, மூன்றையும் ஓட வைத்தாள். "உங்களை யாரு இதைத் தொடச் சொன்னது?" என்று கேட்டார் முதலாளி. மறுவாரம் நான்காவது மெஷின் நின்றபோது அதே வாயால் அவரே கூப்பிட்டார். அந்த மனிதரைப் பற்றிப் பேச்சு வந்தால் இப்போதும் சித்தியின் மேலுதடு ஒரு பக்கமாக ஏறும்.

அந்த உதடு ஏறாத நாளே கிடையாது. அவளுடைய தொழில் அப்படி. டிரெட்மில் வாங்குகிறவர்கள் எல்லாரும் முதல் வாரம் ஓடுகிறார்கள், இரண்டாம் வாரம் நடக்கிறார்கள், மூன்றாம் வாரம் அதன் கைப்பிடியில் ஈரத்துணியைக் காயப் போடுகிறார்கள் என்பாள். ஒரு வீட்டில் இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே கயிறு கட்டிக் கிளிப்பெல்லாம் மாட்டியிருந்தார்களாம். "தினமும் உபயோகிக்கிறோம், ஆனாலும் கெட்டுப்போச்சு" என்று அந்த வீட்டுக்காரர் சத்தியம் செய்தார். மொத்தம் எத்தனை தூரம் ஓடியிருக்கிறது என்று மெஷினுக்குள் ஒரு கணக்கு இருக்கும். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் அது திரையில் வரும். சித்தி அழுத்தினாள். மூன்று வருடத்தில் நான்கு கிலோமீட்டர்.

"நாலுல ஒண்ணு கடைக்காரன் ஓட்டிக் காட்டினது" என்றாள் சித்தி. "மீதி மூணு யாரு சார், நீங்களா, துணியா?"

இப்படிப் பேசியும் அவளைக் கூப்பிடுகிறார்கள் என்றால் காரணம் ஒன்றுதான். அவள் கை வைத்த மெஷின் ஓடும். அவளுடைய பையில் திருகு முடுக்குகிற சில வளைந்த அலன் கீ, ஒரு ஸ்க்ரூ டிரைவர், பெயின்ட் அடிக்கிற பிரஷ், ஒரு கந்தல் துணி, ஒரு பாட்டில் சிலிக்கோன் எண்ணெய், இவ்வளவுதான் இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் பத்து நிமிடம் பையைத் திறக்க மாட்டாள். வீட்டைத்தான் பார்ப்பாள். மெஷின் எப்படிக் கெட்டது என்பதை வீட்டைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம் என்பது அவள் வாதம்.

பஸ் ஓட்டுநரின் மனைவி அவளுக்கு போன் செய்தது ஒரு புதன்கிழமை காலையில். பக்கத்து அறையில் யாரோ தூங்குகிற மாதிரி ரகசியக் குரல்.

"மேடம், எங்க வீட்டு மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஆனா அதைக் கொஞ்சம் ஏமாத்தணும்."

"நான் ரிப்பேர் பண்றவ. ஏமாத்துறதுக்கு வேற ஆளைப் பாருங்க."

"இல்ல மேடம், பதினோரு நிமிஷத்துல நின்னுடுது. நிக்காம பண்ண முடியுமா?"

"நல்லா இருக்கிற மெஷின் எதுக்கு நிக்குது?"

"அது அவருக்காக நிக்குது" என்றாள் ஓட்டுநரின் மனைவி.

சித்தி அன்றைக்கே போனாள்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்ததும் சித்திக்கு முதலில் கேட்டது சத்தம்தான். உட்கார்ந்த சோபா சரசரத்தது. சோபாவுக்குக் கடையிலிருந்து வந்தபோது இருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. டிவி ரிமோட்டுக்கு உறை. ஃபிரிட்ஜின் கைப்பிடிக்கு உறை. சாப்பாட்டு மேஜைக்கு மேல் துணி, துணிக்கு மேல் பிளாஸ்டிக். சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தின் முகத்தில்கூட அந்த மெல்லிய தாள் உரிக்கப்படாமல், ஓரம் மட்டும் சுருண்டு, ஏழு மணியை மறைத்துக்கொண்டிருந்தது. கடிகாரம் வாங்கிய ஆறு வருடமாக அந்த வீட்டில் ஏழு மணியை யாரும் சரியாகப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

இந்தக் கைங்கரியத்தைச் செய்தவர் ஓட்டுநரின் மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி. கடைத்தெருவில் போன்களுக்குக் கண்ணாடித்தாள் ஒட்டுகிற கடை வைத்திருக்கிறார். கடையில் ஒட்டி ஒட்டிப் பழகிய கை வீட்டிலும் சும்மா இருக்காது. நகராத பொருள் எதையும் அவர் மூடாமல் விட்டதில்லை. இப்போதும் சோபாவின் மறு முனையில் காலை ஆட்டிக்கொண்டு அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

ஓட்டுநர் ஜன்னல் ஓரத்தில் இருந்தார். உயரமான மனிதர், ஐம்பதைத் தொடப்போகிறவர். சட்டையின் மேல் பொத்தானுக்குக் கீழே அறுவைத் தழும்பின் நுனி தெரிந்தது. ஐந்து மாதத்துக்கு முன் இதயத்தில் அடைப்பு, பெரிய ஆபரேஷன். வெள்ளிக்கிழமை போக்குவரத்து அலுவலகத்தின் டாக்டர் முன்னால் அவர் இருபது நிமிடம் நடந்து காட்ட வேண்டும். காட்டினால் பஸ்ஸும் அவருடைய பழைய வழித்தடமும் திரும்பக் கிடைக்கும். காட்டாவிட்டால் டெப்போவில் தொலைந்துபோன குடைகளையும் பைகளையும் பதிவு செய்கிற மேஜை. இருபத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்தவருக்குக் குடை எண்ணுகிற வேலை.

"உங்க டாக்டர் எவ்வளவு நேரம் நடக்கச் சொன்னார் அண்ணே?" என்றாள் சித்தி.

"போன மாசத்துலேர்ந்து இருபது நிமிஷம். மெதுவா. பேசிக்கிட்டே நடக்கணும். பேச முடியாம மூச்சு வாங்கினா இறங்கிடணும்னார்."

"மூச்சு வாங்குதா?"

"இல்லம்மா. எனக்கு ஒண்ணும் தெரியல. அதுக்குத்தான் தெரியுது" என்று டிரெட்மில்லைக் காட்டினார்.

சித்திக்குப் புரியவில்லை. புரிய வைக்கும் பொறுப்பை மச்சான் எடுத்துக்கொண்டார். "கைப்பிடியில ரெண்டு வெள்ளித் தகடு இருக்குல்ல மேடம், அது நாடித்துடிப்பு பார்க்கும். மாமா பதினோரு நிமிஷம் நடந்ததும் அவர் ஹார்ட் களைச்சுப்போறது மெஷினுக்குத் தெரிஞ்சுடுது. உடனே நிறுத்திடுது. புத்தகத்துலயே போட்டிருக்கு, பாதுகாப்புக்காக மெஷின் தானே நிற்கும்னு. நான்தான் படிச்சு எல்லாருக்கும் எடுத்துச் சொன்னேன்."

"எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?"

"பக்கமெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு."

"புத்தகத்தைக் கொண்டாங்க."

புத்தகம் வந்தது. அது வந்த உறை ஒட்டின இடம் பிரியாமல் அப்படியே இருந்தது. பின்னட்டையில் உறை வழியாகத் தெரிந்த நான்கு வரிதான் மச்சான் படித்த மொத்தப் படிப்பு.

"ஓ" என்றாள் சித்தி. அந்த ஒரு எழுத்தில் அவளால் ஒரு வண்டி ஏளனத்தை ஏற்ற முடியும்.

விஷயம் என்னவென்றால், அந்த வீட்டில் மூன்று மாதமாக அத்தனை பேரும் இதை நம்பிக்கொண்டிருந்தார்கள். மெஷின் பொய் சொல்லாது என்று நம்பினார்கள். ஓட்டுநர் முதலில் பயந்து தினமும் ஏறிப் பார்த்தார். பதினொன்றில் நின்றது. ஒரு நாள் பத்தரையிலேயே நின்றது, அன்றைக்கு வீடே அழுதது. பிறகு அவர் வாரத்துக்கு ஒருமுறைதான் ஏறினார். டாக்டரிடம் யாரும் மூச்சு விடவில்லை. சொன்னால் பஸ் போய்விடும். வெள்ளிக்கிழமை அலுவலகத்து மெஷினும் பதினொன்றில் நின்றால் என்ன செய்வது என்று கேட்டதற்கு மச்சான் யோசித்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தால் இதயம் மெஷினுக்குத் தெரியாது என்று ஒரு வழி சொல்லியிருந்தார். அதற்குத் தோதான கையுறையும் வாங்கியாகிவிட்டது. உறையோடுதான் இருந்தது.

சித்தி எழுந்து போய் டிரெட்மில்லைச் சுற்றி வந்தாள். முன்பக்கம் மோட்டார் இருக்கும் இடத்துக்கு மேலே கறுப்பு மூடி. அந்த மூடியின் இரண்டு பக்கமும் மீன் செவுள் மாதிரி காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். இருந்தன. ஆனால் மூடி முழுக்க, துளைகளையும் சேர்த்து, சுருக்கமே இல்லாமல் ஒரு தடித்த பிளாஸ்டிக் தாள் ஒட்டப்பட்டிருந்தது. விளிம்பெல்லாம் சூடு காட்டி உருக்கி ஒட்டியிருந்தார்கள். ஒரு குமிழிகூட இல்லை. தொழில் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம்.

"இது யாரு ஒட்டினது?"

மச்சானின் முகம் மலர்ந்தது. "நான்தான். ரெண்டு மணி நேரம் ஆச்சு. தூசி ஒரு துளி உள்ளே போகாது."

"தூசி போகாது. காத்து?"

"காத்து எதுக்கு மேடம் மெஷினுக்கு?"

அப்போதே சித்திக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தாளைக் கிழித்து எறிந்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தாள். தாளைக் கிழித்தால் மெஷின் ஓடும். மூன்று மாதமாக அவர் தலையில் ஒட்டியிருக்கிற தாள் அதோடு கிழியாது. சித்தி பையை ஓரமாக வைத்துவிட்டு மெஷின் மேல் ஏறினாள்.

"நான் நடக்கிறேன். எல்லாரும் பாருங்க."

சித்தி கொஞ்சம் பருமன். மெஷின் எட்டரை நிமிடத்தில் நின்றது.

ஓட்டுநரின் மனைவி பதறிப்போய் ஒரு டம்ளர் தண்ணீரோடு ஓடி வந்தாள். "உக்காருங்க மேடம். உங்களுக்கும் இருக்கு போலிருக்கே. டாக்டரைப் பார்த்தீங்களா?"

சித்தி தண்ணீரைக் குடித்தாள். தாகம் எடுத்திருந்தது, அவ்வளவுதான். அரை மணி நேரம் மெஷினை ஆற விட்டாள். அதுவரை சரசரக்கும் சோபாவில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மச்சானைப் பார்த்து, "இப்ப நீங்க ஏறுங்க தம்பி" என்றாள்.

"நான் எதுக்கு?"

"உங்க ஹார்ட்டை மெஷின் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்."

மச்சானுக்கு முப்பத்தொரு வயது. காலையில் மூன்று மாடி ஓடி ஏறி வருகிறவர். அக்காவும் மாமாவும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி மாட்டேன் என்பது? ஏறினார். ஆறாவது நிமிடத்தில் பேச்சை நிறுத்தினார். எட்டாவது நிமிடத்தில் தகட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஒன்பது நிமிடம் பத்து வினாடி. மெஷின் நின்றது.

மச்சான் இறங்காமல் அங்கேயே நின்றார். மெல்ல வலது கையை இடது மணிக்கட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

"அக்கா" என்றார். "எனக்குக் கொஞ்ச நாளாவே இந்தப் பக்கம் பிடிக்கிற மாதிரிதான் இருந்துச்சு."

ஐந்து மாதத்தில் முதல் தடவையாக ஓட்டுநர் சிரித்தார். முதலில் மூக்கால்தான் சிரித்தார். பிறகு தோள் குலுங்கியது. தழும்பைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மச்சான், குடை எண்ணுற வேலை ஒண்ணு காலியா இருக்கு, சொல்லவா?"

"இங்கே வாங்க" என்று சித்தி மூவரையும் கூப்பிட்டாள். "மூடி மேல கை வைங்க."

வைத்தார்கள். எடுத்தார்கள். அடுப்பில் வைத்த சட்டி மாதிரி கொதித்தது.

"மோட்டார் சூடாகுது. காத்துப் போக வழியில்ல. கருகிடக் கூடாதேன்னு தன்னைத்தானே நிறுத்திக்குது. பாதுகாப்புன்னு போட்டிருக்கிறது அதோட பாதுகாப்புக்கு. உங்க ஹார்ட்டைப் பத்தி அதுக்கு ஒரு கவலையும் கிடையாது அண்ணே. கனமான ஆள் ஏறினா சீக்கிரம் சூடாகும், ஒல்லியான ஆள் ஏறினா கொஞ்சம் மெதுவா. நான் எட்டரை, நீங்க பதினொண்ணு. தம்பி ஒல்லிதான், ஆனா மெஷின் சரியா ஆறலை, அதான் ஒன்பது. ஹார்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது உங்க மச்சானோட கைவேலை."

வீட்டில் ஆறு கை இருந்தது. மூன்று மாதத்தில் ஒரு கைகூட அந்த மூடியைத் தொட்டுப் பார்க்கவில்லை.

சித்தி தாளைக் கிழிக்க நகத்தை வைத்ததும், இத்தனைக்கும் பிறகு, ஓட்டுநரின் மனைவி சொன்னாள்: "ஓரமா மட்டும் வெட்ட முடியுமா மேடம்? மேல பளபளன்னு இருக்கு."

சித்தி தாளின் விளிம்பைக் கையில் சுற்றிப் பிடித்தாள். ஒரே இழுப்பு. அந்தச் சத்தத்தில் மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

மூடியைக் கழற்றி உள்ளே பிரஷ் போட்டாள். மோட்டாரைச் சுற்றி நார்த்தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. தூசி கீழ்ப்பக்கமாக வரும் என்பதை யாரும் மச்சானிடம் சொல்லவில்லை. பிறகு நடக்கிற பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் விரலை விட்டாள். பலகை சொரசொரவென்று காய்ந்து கிடந்தது.

"இதுக்கு எண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்திருப்பாங்களே?"

கொடுத்திருந்தார்கள். அது கண்ணாடி அலமாரியில், பரிசுக் கோப்பைகளுக்கு நடுவே, உறை பிரிக்காமல் நின்றது. சித்தி அதைப் பார்த்தாள், பிறகு தன் பையிலிருந்த பாட்டிலையே எடுத்தாள். அதைப் பிரிக்கச் சொன்னால் அந்தப் பெண்மணிக்கு நிஜமாகவே நெஞ்சு வலி வந்துவிடும் என்று பயந்தாளாம். பெல்ட்டுக்கு அடியில் இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு எண்ணெய் விட்டு, ஆளில்லாமல் மெதுவாக ஓட விட்டாள். பெல்ட் இடது பக்கம் ஒதுங்கியது. பின்னால் இருக்கிற திருகை அலன் கீயால் கால் சுற்றுத் திருகினாள். நடுவுக்கு வந்தது.

"ஏறுங்க அண்ணே."

ஓட்டுநர் ஏறினார். அவசரத்துக்கு மெஷினை நிறுத்துகிற சிவப்புக் கயிறு ஒரு சின்னப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டித் தொங்கியது. சித்தி அதைப் பல்லால் கடித்துப் பிரித்து, கயிற்றின் கிளிப்பை அவர் சட்டையில் மாட்டினாள். அவர் நடந்தார். ஐந்து நிமிடம். எட்டு. மூச்சு சீராக இருந்தது. பத்து. எல்லாரும் திரையையே பார்த்தார்கள். பதினொன்று.

மெஷின் நிற்கவில்லை. ஓட்டுநர் நின்றார். இரண்டு காலையும் ஓரத்துப் பலகையில் தூக்கி வைத்துக்கொண்டு, நடுவில் பெல்ட் ஓட ஓட, கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"என்ன செய்யுது? வலிக்குதா?"

"இல்ல."

"மூச்சு வாங்குதா?"

"இல்லம்மா. கால் தானா ஏறிடுச்சு."

சித்தி இடுப்பில் கை வைத்தாள். "இத்தனை நாள் மெஷின் நின்னுச்சு, நீங்க பயந்தீங்க. இப்ப அது ஓடுது, நீங்க நிக்கிறீங்க. உங்க ரெண்டு பேர்ல யாரைத்தான் நான் ரிப்பேர் பண்றது?"

அவரை இறக்கி, தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் ஆகும்" என்றார்.

சித்தி பையிலிருந்த கந்தல் துணியை எடுத்தாள். எண்ணெயும் அழுக்கும் ஏறிய துணி. அந்த வீட்டில் அதுவரை அப்படி ஒரு பொருள் நுழைந்திருக்காது. அதைக் கொண்டுபோய் டிரெட்மில்லின் திரை மேல் போட்டாள். நிமிடம், வினாடி எல்லாம் மறைந்தது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மச்சானின் மடியில் குப்புற வைத்தாள்.

"பேசிக்கிட்டே நடக்கணும்னுதானே டாக்டர் சொன்னார்? ஏறுங்க. உங்க பஸ் எங்கேர்ந்து கிளம்பும்?"

"டெப்போலேர்ந்து."

"கிளம்புங்க. ஒவ்வொரு ஸ்டாப்பா சொல்லிட்டு வாங்க. ஒண்ணு விட்டாலும் நான் இறங்கிடுவேன்."

ஓட்டுநர் நடக்கத் தொடங்கினார். டெப்போ வாசல். துணிக்கடை முனை. அங்கே இடது பக்கம் எப்போதும் ஒரு லாரி நிற்கும், அந்த லாரிக்காரனைத் திட்டாமல் திரும்ப முடியாது. பள்ளிக்கூடம். பிள்ளைகள் படிக்கட்டில் தொங்குவார்கள். பெரிய ஆஸ்பத்திரி. "அங்கே மெதுவா நிறுத்தணும். ஏறுறவங்க எல்லாம் வலியோட ஏறுவாங்க." பழைய சினிமா கொட்டகை. தண்ணீர்த் தொட்டி. ரயில்வே கேட். கேட் மூடியிருந்தால் பயணிகள் அவரைத்தான் முறைப்பார்கள், ரயிலை அவரே அழைத்து வந்த மாதிரி.

"கேட்டு திறந்துச்சா?" என்றாள் சித்தி.

"திறந்துடுச்சு."

குரல் மாறியிருந்தது. ஒற்றைக் கையை ஸ்டியரிங்கில் வைத்திருக்கிறவர் பேசுகிற குரல். மச்சான் இடையில் புகுந்து, "மாமா, மார்க்கெட் ஸ்டாப்பை விட்டுட்டீங்க" என்றார்.

"அது எக்ஸ்பிரஸ் நிக்காத ஸ்டாப்டா. உனக்கு ஒட்டறதைத் தவிர என்ன தெரியும்?"

வாய் நிற்காமல் வழித்தடம் முழுவதையும் சொல்லி, கடைசியாகச் சுடுகாட்டுத் திருப்பம் தாண்டி, வண்டியைத் திருப்பி நிறுத்துகிற மைதானத்துக்கு வந்து சேர்ந்தார். "அவ்வளவுதான். இறங்குங்க எல்லாரும்."

சித்தி துணியை எடுத்தாள். இருபத்து மூன்று நிமிடம் நாற்பது வினாடி.

ஓட்டுநர் அந்த எண்களைப் பார்த்தார். மெஷினை நிறுத்திவிட்டு அங்கேயே கைப்பிடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். மனைவி ஓடிப்போய் அவர் முதுகில் கை வைத்தாள். சித்தி இந்த மாதிரிக் காட்சிகளை நின்று பார்க்கிறவள் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டாள். வாசலில் நின்று, "மூணு மாசத்துக்கு ஒரு தடவை பெல்ட்டுக்கு அடியில எண்ணெய். அந்தப் பாட்டில் சாமி சிலை இல்ல, பிரிக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஓட்டுநரே போன் செய்தார். டாக்டர் கேள்வி கேட்டுக்கொண்டே நடக்க வைத்தாராம். இவர் பதிலுக்கு ஸ்டாப் ஸ்டாப்பாகச் சொல்லிக்கொண்டு போக, ரயில்வே கேட் வரும்போதே இருபது நிமிடம் முடிந்துவிட்டதாம். "பாதி வழியில இறக்கிட்டாங்கம்மா" என்று குறைப்பட்டுக்கொண்டார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பஸ்.

எண்ணெய் நேரம் வந்தபோது சித்தி ஒருமுறை போய்ப் பார்த்தாள். ஓட்டுநர் வண்டியில் போயிருந்தார். அவருடைய தகுதிச் சான்றிதழ் கூடத்துச் சுவரில் இருந்தது. மச்சான் அதை இரண்டு பக்கமும் தாள் ஒட்டி, அதற்கு மேல் ஓர் உறையும் போட்டிருந்தார். மோட்டார் மூடியில் பிளாஸ்டிக் இல்லை. ஆனால் யாரோ அதன் மேல், செவுள் துளைகளை மூடுகிற மாதிரி, ஒரு துண்டை அழகாக மடித்து வைத்திருந்தார்கள். சித்தி அதைச் செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கி மச்சானின் தோளில் போட்டாள்.

அன்றைக்கு வந்துதான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். மோட்டாரில் என்று நான் சொன்னது தப்பு. மோட்டார் ஒன்றுதான் அந்த வீட்டில் அறிவோடு நடந்துகொண்டது.

உங்களுக்குத் தெரிந்த வீட்டில் ஒரு டிரெட்மில் பாதியில் நின்றுபோய், அதைப் பார்த்து ஒரு மனிதரும் நின்றுபோயிருக்கலாம். அப்படி யாராவது இருந்தால் இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள். முதலில் மூடியின் மேல் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு ஒரு மச்சான் இருந்தால், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.